ஆஸ்பத்திரி வாசலில் மதியச் சாப்பாடு

கிள்ளான்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் மாதவிக்கு அம்மா எழுதுவது.

டப்ளின் குளிரிலும் மழையிலும் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதிதான் எழுத முடிகிறது. நான் சௌக்கியம். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் வீடியோவில் மூஞ்சியைப் பார்க்கிற மகளுக்கு இவள் எதற்குப் பேனாவைத் தூக்குகிறாள் என்று நினைக்காதே. நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், உன் பெயர் திரையில் வந்தாலே அப்பா நாற்காலியிலிருந்து கையை நீட்டிவிடுவார், வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் "பாப்பாகிட்ட என்ன சொன்னே" என்று என் போனை வாங்கிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு டொரத்தி ஆன்டியின் மகள் ஷார்மைன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை உன் கைக்கு வந்துவிடும். வேலைக்குப் போகிற அவசரத்தில் பையில் போட்டு வைத்துவிடாதே, வந்த உடனே படி.

செந்தூல் அத்தை வீட்டுக்குப் போய்வந்து அப்பாவுக்கு வயிறு சரியில்லை, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் தங்கினார் என்று உன்னிடம் சொன்னோமே, அது வயிறு இல்லை மாதவி. "பாப்பா தூரத்துல இருக்கா, அழுவா, டிக்கெட்டப் போட்டுக்கிட்டு ஓடி வந்துடுவா, சொல்லாதே சீதா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், நானும் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு முட்டை ஆகாது என்பது உனக்குத் தெரிந்ததுதான், உன் பிறந்தநாள் கேக்கைக்கூட ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. இத்தனை காலமும் தப்பித் தவறிப் பட்டால் உதடு வீங்கும், உடம்பு தடித்துச் சிவக்கும், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்குவார், எழுந்தால் சரியாகிவிடும். எடை குறைக்கிற இந்த வயிற்று ஆப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் டாக்டர்கள் அதைத் தோண்டித் துருவிக் கேட்டார்கள். சர்ஜன் கேட்டார், மயக்க மருந்து டாக்டர் கேட்டார், கடைசியில் அலர்ஜி டாக்டரிடம் அனுப்பி டெஸ்ட் எடுத்து, அடுத்த தடவை உதட்டோடு நிற்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள், மூச்சை அடைத்துவிடலாம் என்று சொல்லி, தொடையில் குத்துகிற ஊசிப்பேனா ஒன்றையும் கொடுத்தார்கள். அதை நான் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு காய்கறி பாசாருக்கும் கோயிலுக்கும் அலைந்தேன். பர்ஸை மறந்தாலும் அதை மறந்ததில்லை.

புரட்டாசி பிறந்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. வீடு முழுக்கச் சைவம், போகிற வீடெல்லாம் சைவம், முட்டை என்ற பேச்சே எங்கும் கிடையாது, இந்த ஒரு மாதம் நான் போலீஸ் வேலை பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். முதல் சனிக்கிழமை செந்தூலில் பவுனம்மாள் அத்தை பெருமாளுக்குப் படையல் போட்டு எங்களைக் கூப்பிட்டிருந்தார். பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அந்தச் சின்னச் சிவப்புப் பையை எடுத்துக்கொண்டேன், பெரிய பை வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கியது, ஊசி அதற்குள்ளே. சைவச் சாப்பாடுதானே என்றுதான் எனக்குத் தோன்றியது, அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. இலையில் எல்லாம் வைத்துவிட்டுக் கடைசியில் அத்தை சைவ மட்டன் பிரட்டல் கொண்டுவந்தார். சீனன் கடை ஃப்ரீசரில் இருக்குமே, சோயாவில் இறைச்சி மாதிரியே செய்து, பாக்கெட்டில் பச்சை இலை போட்டு வெஜிடேரியன் என்று எழுதியிருக்குமே, அதுதான். ஆட்டிறைச்சி தோற்றுவிடும் என்று அப்பா சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பாயசத்துக்கு வருவதற்குள் இருமல். காரமா என்று தண்ணீர் கொடுத்தேன். காதெல்லாம் சிவந்தது, குரல் மாறியது, மூச்சு விசில் மாதிரி வந்தது. பைக்குள் கையை விட்டேன், லிப்ஸ்டிக்கும் குங்குமமும்தான் கையில் வந்தன. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த நிலைமையை எழுதத் தெரியவில்லை.

அத்தை மகன் விஜயன்தான் அவரைத் தாங்கிப் பிடித்து லிப்டில் ஏற்றி, காரில் தள்ளி, சிவப்பு விளக்கு பச்சை விளக்கு எதையும் பார்க்காமல் ஓட்டினான். "மாமா, கண்ண மூடாதீங்க மாமா, என்னையே பாருங்க மாமா" என்று கத்திக்கொண்டே வந்தான், அவனும் ரோட்டைப் பார்த்தானா மாமாவைப் பார்த்தானா தெரியாது. அப்பாவால் பேச முடியவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. எமர்ஜென்சியில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, முகம் திரும்ப முகமாக ஆகிற வரைக்கும் நான் பெருமாளைத் திட்டினேனா கும்பிட்டேனா எனக்கே ஞாபகமில்லை. விஜயன் வீட்டுக்குத் திரும்பிக் குப்பையிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்துப் படித்துவிட்டுப் போன் பண்ணினான். பின்பக்கம் பொடி எழுத்தில் மலாயில் பூத்தே தெலோர் என்று இருக்கிறதாம், முட்டை வெள்ளைக்கரு, துண்டு உடையாமல் பிடித்து நிற்பதற்குச் சேர்க்கிறார்களாம். சீனர் சைவத்தில் முட்டை சேர்ந்ததும் உண்டு, சேராததும் உண்டு, நம்முடைய சைவம்தான் எல்லார் சைவமும் என்று நாம் இருந்துவிட்டோம். அத்தை அழுத அழுகை இருக்கிறதே, பாதி தம்பிக்காக, பாதி "அப்ப இத்தனை வருஷமா நான் புரட்டாசில முட்டை தின்னுருக்கேனா" என்பதற்காக. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, என்னை அடிக்கத்தான் வேண்டும்.

இதுவரைக்கும் நடந்தது கூடப் பரவாயில்லை, பிழைத்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து அப்பா கஞ்சியைத் தவிர எதுவும் சாப்பிடுவதில்லை. வெறும் அரிசிக் கஞ்சி, உப்பு, அவ்வளவுதான். தோசை வேண்டாம், மாவில் என்ன கலந்ததோ. சாம்பார் வேண்டாம், தூளில் என்ன இருக்கிறதோ. நானே வறுத்து அரைத்த தூள், முப்பது வருஷமாகச் சாப்பிடுகிற தூள், அதை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிறார். அரைத்தது, பிசைந்தது, மாவு போட்டது எதுவும் ஆகாது, கண்ணுக்கு முழுசாகத் தெரிகிற அரிசி மட்டும்தான் அவருக்கு நம்பிக்கை. டம்ளரைத் தானே ஒரு தடவை கழுவிக்கொள்கிறார். ஒரு வாய் வைத்துவிட்டு நாக்கைத் துழாவிப் பார்க்கிறார், தொண்டையைத் தடவுகிறார், என் முகத்தைப் பார்த்து "சிவந்திருக்கா பாரு" என்று கேட்கிறார். சாப்பாடு என்றால் எட்டு ஊர் தாண்டிப் போகிற மனுஷன், கிடங்கு வேலையில் இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே மூச்சில் முடிக்கிறவர் என்று ஊரே சொல்லும், இப்போது கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

சாப்பிடாதவர் இளைக்காமல் என்ன செய்வார், கிடுகிடு என்று இளைத்தார். ஊர்க் கண்ணுக்கு அது கொண்டாட்டம். டொரத்தி ஆன்டியின் வீட்டுக்காரர் ரபேல் அங்கிள் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் "என்ன மருந்து சாப்பிடுறீங்க, எனக்கும் சொல்லுங்க லா" என்கிறார். தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் போனோம், கடைக்காரப் பையன் அளவெடுத்துவிட்டு, "அங்கிள், ரெண்டு சைஸ் எறங்கிட்டீங்க, ஆன்டி நல்லா கவனிக்கிறாங்க போல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. நூற்று முப்பது கிலோவிலிருந்து அவரை இறக்கத்தானே நாங்களும் ஒரு வருஷமாகத் தவம் கிடந்தோம், படுத்தால் மூச்சு நின்று நின்று வருகிறது, முகத்தில் மெஷினை மாட்டினால்தான் தூக்கம், சர்க்கரை வேறு. வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு வாழைப்பழம் அளவுக்கு விட்டுவைக்கிற ஆப்பரேஷனுக்குத் தேதியும் கிடைத்துவிட்டது, தீபாவளி கழிந்த மறு வாரம். இளைப்பதைப் பார்த்து நானும் முதல் வாரம் சும்மாதான் இருந்தேன், போகட்டும், நல்லதுக்குத்தான் என்று.

போன வாரம் கோலாலம்பூரில் சாப்பாட்டு ஆலோசகரைப் பார்க்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது. மலர்விழி என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். தராசைப் பார்த்து நர்ஸ் எல்லாம் கைதட்டினார்கள், அந்தப் பெண் மட்டும் தராசைப் பார்க்கவில்லை, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சாப்பிடுறீங்க அங்கிள் என்று கேட்டதற்கு இவர், கோழி, பருப்பு, காய்கறி என்று பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறார். எனக்கு வந்ததே கோபம். "பொய் சொல்றாரும்மா, கஞ்சித் தண்ணி, மூணு வாரமா கஞ்சித் தண்ணி" என்று கத்திவிட்டேன், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அங்கிள், நீங்க எளைக்கிறதுல எனக்கு சந்தோஷம் இல்ல. கொழுப்பு மட்டும் போகல, சதை கரையுது. இந்த ஒடம்ப வெட்டித் தைச்சா தையல் ஆறாது, உள்ளுக்குள்ள கசிஞ்சா உயிருக்கே ஆபத்து" என்று சொன்னாள். கஞ்சியை மட்டும் குடித்துவிட்டுச் சர்க்கரை மாத்திரை போடுகிறார் என்று தெரிந்ததும் உடனே டாக்டரைக் கூப்பிட்டு மாத்திரையைக் குறைக்க வைத்தாள். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் எடுப்பார்கள், கைப்பிடி பலம் பார்ப்பார்கள். தேறவில்லை என்றால் தேதி வேறொருவருக்குப் போய்விடும், நாம் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். இந்த மூச்சை வைத்துக்கொண்டு அவ்வளவு காலம் தள்ளுவதற்கு நான் பொறுப்பேற்க முடியாது என்று சர்ஜன் முதலிலேயே சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொள் மாதவி, சாப்பிடாதே சாப்பிடாதே என்று கல்யாணமான நாளிலிருந்து கத்தினவள் நான், இன்றைக்கு ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று அந்த மனுஷன் காலில் விழாத குறை.

முட்டை சேராத சத்துமாவு டின் ஒன்றை அந்தப் பெண்ணே பார்த்து எழுதிக் கொடுத்தாள், அலர்ஜி டாக்டரும் பார்த்துச் சரி என்றார். அப்பா டின்னைத் திறக்கவே விடவில்லை, மாவாச்சே. அப்போது நான் ஒரு வேலை செய்தேன். பாலர் பள்ளி வேலையில் எத்தனை பிள்ளைகளுக்குக் காய்கறியை மசித்து ஒளித்து வைத்துச் சாப்பிட வைத்திருக்கிறேன், அந்தத் திமிர். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, வடிகட்டி, கஞ்சியில் கலந்து கொடுத்துவிட்டேன். ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார். "என்ன போட்ட" என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். மறுபடி கேட்டார், பருப்புத்தான் என்றேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "உங்கையில சாப்பிட்டா மட்டும் பயமில்லாம இருந்துச்சு சீதா, இப்ப அதுவும் போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு முழுக்க என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. ஊசிப்பேனாவை அவர் முன்னால் மேஜையில் வைத்து, இனி உங்களுக்குத் தெரியாமல் கடுகுகூடப் போட மாட்டேன் என்று சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். அப்படியும் இரண்டு நாள் கஞ்சியை அவரே வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மருந்து வாங்கிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரி வழியாக வந்துகொண்டிருந்தோம். எமர்ஜென்சி போர்டைப் பார்த்ததும், "இங்க உக்காந்து சாப்பிடுறதுன்னா என்ன வேணாலும் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பாசாருக்குப் போய்க் கெம்போங் மீன் கேட்டேன், மீன்கார அண்ணன் என் நெற்றியில் இருந்த நாமத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, புரட்டாசி லா" என்கிறார். "எனக்கில்ல அண்ணே, வெட்டாம முழுசாக் குடுங்க" என்று வாங்கி வந்து, அப்பாவை அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, மஞ்சள், உப்பு, மிளகு, மூன்றையும் அவர் கையாலேயே போடவைத்து ஆவியில் வேகவைத்தேன். புரட்டாசியில் மீனா என்று தயங்கினார். "பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீங்க கெளம்புங்க" என்று சொல்லி, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு காரை எடுத்தேன்.

எமர்ஜென்சி வாசலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினால் செக்யூரிட்டி ஓடி வருகிறான், நம் ஆள்தான். "ஆன்டி, இங்க பார்க்கிங் இல்ல, ஆம்புலன்ஸ் வர்ற எடம்" என்கிறான். என்ன சொல்வது, என் வீட்டுக்காரர் சாப்பிட வந்திருக்கிறார் என்றா சொல்வது? அதைத்தான் சொன்னேன். முட்டை, மூச்சு, ஆப்பரேஷன் எல்லாம் ரோட்டோரத்தில் நின்றே சொன்னேன். அவன் காருக்குள் குனிந்து அப்பாவையும் மடியில் இருந்த கேரியரையும் பார்த்தான். "அந்த மரத்துக்குக் கீழ போடுங்க ஆன்டி, வாசல் தெரியும். ஏதாச்சும்னா ஹாரன் அடிங்க, நான் வீல்சேரோட ஓடி வர்றேன்" என்றான். அவன் நன்றாக இருக்க வேண்டும். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே மீனைப் பிய்த்து ஒரு வாய் வைத்தார். இடது கை கார்க்கதவின் பிடியிலேயே இருந்தது. ஊசி என் மடியில். அவர் முழுங்கினார், நானும் எச்சிலை முழுங்கினேன். இரண்டாவது வாய், மூன்றாவது வாய், ஒரு மீனை முள்ளோடு முள்ளாகச் சுத்தம் செய்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கினார். நேற்றைக்கு மீனோடு கொஞ்சம் கொண்டைக்கடலையும் சாப்பிட்டார், எல்லாம் முழுசு முழுசாக. அலர்ஜி டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை, "அங்கேயே சாப்பிடட்டும்மா, பயம் போற வரைக்கும் போங்க" என்றார்.

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி ஏன் இந்தப் புலம்பல் என்று கேட்பாய். நேற்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். எடுத்த எடுப்பிலேயே, "அப்பா, செம சிலிம்! கன்னமே இல்ல! இப்படியே போனா ஹீரோ ஆயிடுவீங்க, கீப் இட் அப், அப்பா" என்று கைதட்டினாய். உன் மேல் தப்பில்லை கண்ணு, உனக்கு என்ன தெரியும், நாங்கள்தானே மறைத்தோம். ஆனால் உன் வாயிலிருந்து வந்தால் அவருக்கு அது வேதம். போனை வைத்ததும், "பாப்பாவே சொல்லிட்டா, ஆப்பரேஷனே தேவையில்ல போலிருக்கு, கஞ்சியிலயே எறங்கிடும். நாளைக்கு அங்கெல்லாம் போக வேணாம்" என்றார். இன்றைக்கு மதியம் மீன் அப்படியே இருந்தது, கார் சாவியை எடுத்து அவரே ஒளித்து வைத்துவிட்டார். ஷார்மைனிடம் பேசிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அவர் ஹாலில் நியூஸ் பார்க்கிறார், கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் நாளைக்கும் போராடுவேன், சாவியைத் தேடி எடுப்பேன், சனி ஞாயிறு எப்படியாவது இழுத்துக்கொண்டு போவேன். அந்த மரத்தடி வரைக்கும் என்னால் கொண்டு போக முடியும், வாய்க்குள் போக வைக்க என்னால் முடியாது. பெண்டாட்டி சொன்னால் நச்சரிப்பு, டாக்டர் சொன்னால் பயமுறுத்தல், நீ சொன்னால்தான் கேட்பார்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும், இங்கே மதியம் பன்னிரண்டரைக்குக் கூப்பிடு. உனக்கு அப்போது விடிந்தே இருக்காது, தூக்கம் கெடும், தெரியும். கெடட்டும். நாங்கள் காரில் இருப்போம், நான் போனை முன்னால் நிறுத்தி வைப்பேன். நீயும் கையில் ரொட்டியோ என்னவோ வைத்துக்கொண்டு அவரோடு சாப்பிடு. அம்மா கடிதம் எழுதினாள் என்று மூச்சுக்கூட விடாதே, செந்தூலில் நடந்தது உனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாதே, தெரிந்தால் உனக்கு முன்னால் தைரியமாக இருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு நடிப்பு நடிப்பார். டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, ஆப்பரேஷன் தேதிக்கு லீவு கேட்டு வை, அப்போதுதான் நீ வேண்டும். மறக்காமல் உன் சாப்பாட்டையும் பார்த்துக்கொள், வேலை வேலை என்று காப்பியில் வண்டி ஓட்டாதே. ஷார்மைனிடம் முறுக்கும் ஓமப்பொடியும் கொடுத்திருக்கிறேன், அவளுக்கும் பங்கு கொடு, முழுசையும் நீயே வைத்துக்கொள்ளாதே. செந்தூல் அத்தை தினமும் போன் பண்ணி அழுகிறார், அப்பாவுக்குத் தெரியாமல் அவரிடமும் ஒரு வார்த்தை பேசு, பாவம், வேண்டுமென்றா செய்தார்.

மேற்கொண்டு எழுத எவ்வளவோ இருக்கிறது, அப்பா டிவியை அணைக்கிற சத்தம் கேட்கிறது. பெருமாள் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், நீ நல்லா இருப்பாய், நூறு வயசுக்கு நல்லா இருப்பாய். நேற்று பேசும்போது "ஏன்ப்பா போன் இப்படி ஆடுது" என்று கேட்டாயே, லைன் சரியில்லை பாப்பா என்றாரே, லைனில் ஒரு குறையும் இல்லை கண்ணு. அந்தப் போனைத் தூக்கிப் பிடிக்க அவர் கையில் தெம்பு இல்லை. நீ வைத்த பிறகு நாற்காலியிலிருந்து நான்தான் அவரைத் தூக்கி விட்டேன். செவ்வாய்க்கிழமை அவர் முகத்தைப் பார்த்ததும் இளைத்துவிட்டீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. சாப்பிட்டீங்களாப்பா என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீதாலெட்சுமி திருச்செல்வம்